எதிரொலியின் நீளம்

“எதிரொலின்னு பட்டப்பேரு. ஆனா இங்கே மலையைவிட எதிரொலி நீளமா இருக்கே?”

செயலாளர் இப்படிச் சொன்னதும் பொருளாளர் சிரித்தார். போதகர் சிரிக்கவில்லை.

வருடந்தோறும் வெளியிலிருந்து வரும் மூத்த பிரசங்கியார் வேறு மொழிக்காரர். அவர் பேச்சைச் சபைக்கு மொழிபெயர்ப்பவருக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். அவரை விட்டால் இரண்டு மொழியும் தெரிந்தவர் செயலாளர் ஒருவரே. நேற்று வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோது ஒலிபெருக்கியில் காதில் விழுந்த துண்டுகளே அவருக்குப் போதுமாக இருந்தன. பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் எதிரொலி ஒரு பக்கம் சொல்கிறார்.

“ஊழியத்துல கூட்டாளின்னா கூட நிக்கணும். தோள்மேல ஏறி உக்காரக்கூடாது. இன்னைக்கு நான் நிக்கிறேன் ஐயா. அவர் சொன்னதை மட்டும் சொல்றேன்.”

எதிரொலியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வாதாடவில்லை. போகிற போக்கில் செயலாளரிடம் மட்டும், “அண்ணே, ஜனங்களைப் பாக்காதீங்க. அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருங்க” என்றார்.

எனக்கே பாடமா என்று செயலாளருக்குச் சுருக்கென்றது.

பிரசங்கம் நன்றாகத்தான் தொடங்கியது. காணாமல் போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் புறப்பட்டான். செயலாளர் சொல்லுக்குச் சொல் சொன்னார். முள்ளுக்காடு வந்ததும் பிரசங்கியார் நிறுத்தினார். பிறகு, மேய்ப்பன் மறுபடியும் வீட்டிலிருந்து புறப்பட்டான்.

அழுத்திச் சொல்கிறார் போலிருக்கிறது என்று செயலாளர் அதையும் மொழிபெயர்த்தார். திரும்ப முள்ளுக்காடு. திரும்ப மௌனம். அப்புறம் பார்த்தால் மேய்ப்பன் மூன்றாம் முறையாக வீட்டு வாசலில் நிற்கிறான்.

முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் செயலாளர் பிரசங்கியாரின் முகத்தைப் பார்த்தார். சந்தைக் கூட்டத்தில் அப்பாவின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் முகம்.

சொன்னதை அப்படியே சொன்னால் சபைக்கே தெரிந்துவிடும்.

“முள்ளுக்குள்ள ஆடு கத்துது” என்று செயலாளர் தானாகவே ஆரம்பித்தார். “கத்திக் கத்திக் குரல் போயிடுச்சு. ஆனாலும் மேய்ப்பன் காதுல விழுந்துடுச்சு...”

ஆட்டைத் தோளில் ஏற்றி வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

பக்கத்தில் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்ததில் பிரசங்கியாரின் முகம் மெல்லத் தெளிந்தது. கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். அதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அர்த்தம் புரிவதற்கு முன்பே கூட்டம் விசும்பியது.

முடிந்ததும் செயலாளர் எதிரொலியைத் தனியே இழுத்துக்கொண்டுபோய், இந்த மறதி எத்தனை நாளாக என்று கேட்டார். போன வருடமே தொடங்கிவிட்டது என்றார் அவர். ஊழியத்தையே விட்டுவிடுகிறேன் என்று பிரசங்கியார் அழுதாராம்.

“நான்தாண்ணே விடலை. வார்த்தைக்கு நான் இருக்கேன், ஜெபத்துக்கு நீங்க இருங்கன்னேன்.”

பொருளாளர் வந்து சேர்ந்தார். “என்னங்க, நீங்களும் ரப்பர் மாதிரி இழுத்துட்டீங்க? சாயங்காலக் கூட்டத்துக்கு யாரு நிக்கிறது?”

செயலாளர் எதிரொலியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“இவரே நிக்கட்டும். இவர் அளவுக்குச் சரியா மொழிபெயர்க்க எனக்கு வராது.”