பன்னிரண்டாவது சீட்டு

மலேசியாவின் மெர்லிமாவில் பதினைந்து வருடமாக இன்சூரன்ஸ் முகவராக இருக்கும் புனிதா, "பணம் கிடைக்காது" என்று சொன்னதும் அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள். மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறாள். சிரித்த முதல் ஆள் மீன் வியாபாரி தனபாலன்தான்.

"நல்லாக் கேட்டுக்கங்கண்ணே," என்று மறுபடியும் விளக்கினாள். "ஒங்க வேன் பதிவு கிராண்ட்ல பதினோரு சீட்டுன்னு இருக்கு. நீங்களா வெல்டிங் கடையில பன்னிரண்டாவதா ஒண்ண அடிச்சு வெச்சிருக்கீங்க. ரோட்டு இலாகா ஜே.பி.ஜே. அனுமதி இல்ல, கம்பெனிக்கும் சொல்லல. ரோட்டுல பிடிச்சா சம்மன். அந்தச் சீட்டுல உக்காந்த ஆளுக்கு ஏதாச்சும் ஆனா கம்பெனி கைய விரிச்சிரும்."

"ஒரு காசு தராதா?"

"தராது."

"ரொம்ப நல்லதாப் போச்சு! இதையே ஒரு கடிதமா எழுதி, சாப்பு குத்திக் குடுங்க தங்கச்சி. ரெண்டு காப்பி."

புனிதாவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. வாயால் சொன்னதைத்தானே எழுதப் போகிறாள்? எழுதி முடித்து, முத்திரை குத்தும்போது, "அந்தச் சீட்டுல யாரு உக்கார்றது?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

"எங்க மாமியார்தான்லா. சனிக்கிழமை காலையில குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போறோம். போன வருஷமும் அவங்களுக்கு அந்தச் சீட்டுதான். கடைசியா, பின்கதவ ஒட்டி."

முத்திரை பிடித்த கை அப்படியே நின்றது. ஆனால் அதற்குள் இரண்டு காப்பியிலும் குத்தியாகிவிட்டது.

கடிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போன தனபாலன், வாசலிலேயே நின்று கைப்பேசியை எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. பசாரில் மீன் கூவி விற்ற தொண்டை அது. உள்ளே இருந்த புனிதாவுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

"கெடச்சிருச்சு... சாப்போட கெடச்சிருச்சு. யாருக்கும் சந்தேகம் வராது. நீங்க ராணிகிட்ட மட்டும் வாயத் தொறந்துராதீங்க. சனிக்கிழமையோட எல்லாம் முடிஞ்சிரும்."

ராணி என்றால் விஜயராணி, தனபாலனின் மனைவி. பெற்ற மகளுக்குத் தெரியாமல் மாமியாரை என்ன செய்யப் போகிறார்?

அந்த மாமியார் குஞ்சம்மாவைப் புனிதாவுக்கு நன்றாகத் தெரியும். தாமான் குடியிருப்பில் அந்தக் குடும்பமே இருக்கும் வீடு குஞ்சம்மா பேரில்தான் இருக்கிறது. அதற்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்ததே புனிதாதான். கேமரன் மலைப் பாதையில் வளைவுக்கா பஞ்சம்? ஒரு வளைவில் பின்கதவு திறந்துகொண்டால் போதும். நாளைக்குப் போலீஸ் கேட்டால், 'காசுக்கு ஆசைப்பட்டா செஞ்சேன்? ஒரு காசு வராதுன்னு முன்னயே தெரியும், இதோ புனிதா எழுதிக் குடுத்தது' என்று எடுத்து நீட்டிவிடலாம்.

அடப்பாவி மனுசா! மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போலீசுக்குப் போனால் என்னவென்று சொல்வது? மாமியார் உட்காரச் சீட்டு அடித்துக் கொடுத்தார் என்றா? சிரிப்பார்கள். போகாவிட்டால் ஓர் உயிர் போகும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய் தனபாலன் வீட்டு வாசலில் நின்றாள். வேன் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் கூட்டம். கதவருகே கையில் பையோடு குஞ்சம்மா.

"அம்மா, ஏறாதீங்க!" தெருவே திரும்பிப் பார்த்தது.

"அதான் ஏற விடாமப் பண்ணிட்டீங்களே!" வேனுக்குள்ளிருந்து விஜயராணி கடிதத்தை ஆட்டினாள். "இன்சூரன்ஸ்காரங்களே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு இவரு நேத்து அந்தச் சீட்டக் கழட்டிப் போட்டுட்டாரு. அம்மா இல்லாம நாங்க எங்கயாச்சும் போயிருக்கோமா? பெரிய மனசு பண்ணி, 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருந்துக்கறேன்'னு சொல்றாங்க. பாருங்க, எப்படி அழறாங்க!"

குஞ்சம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. தனபாலன் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

கொலையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மாமியாரைக் கழற்றிவிட்டுப் போக மனிதர் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். புனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. வயதான அம்மாளை ஒற்றையாக வீட்டில் உட்கார வைத்த பாவம் அவள் குத்திய முத்திரைக்குத்தானே?

வேன் முச்சந்தியில் திரும்பி மறைந்தது. "என்னை மன்னிச்சிருங்கம்மா," என்றாள்.

குஞ்சம்மா முந்தானையை விலக்கினார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"போன வருஷம் அந்த மலை ரோட்டுல, முன்னால இருந்த பேரப்புள்ளைங்க மூணும் திரும்பித் திரும்பி என் மடியிலதான் வாந்தி எடுத்துச்சுங்க. சும்மா வரலன்னு சொன்னா ராணி விடுவாளா? பாவம் மாப்பிள்ளை, எனக்காக வழி முழுக்க ஏச்சு வாங்கிட்டுப் போவாரு." பையைத் திறந்து, பத்திரமாக மடித்து வைத்திருந்த இரண்டாவது காப்பியை எடுத்து நீட்டினார்.

"இதுல தேதிய மட்டும் மாத்திக் குடும்மா, தீபாவளிக்குப் பினாங்கு போறாங்களாம்."