சாரின் முறை

மதிய வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே எங்கள் ஆய்வுக்கூடத்தில் சாரின் மேஜைமேல் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. போன வாரம் சார் இறந்துபோனார். அவர் மனைவி வந்து அவருடைய சாமான்களைத் துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்: முழங்கை நைந்த ஸ்வெட்டர், கண்ணாடிக் கூடு, கழுவினால் ருசி போய்விடும் என்று சார் யாரையும் கழுவ விடாத காபிக் கோப்பை. எல்லாரும் துக்கம் சொல்லிவிட்டுப் போயாயிற்று. என் கணினித் திரையில் ஒரு நெருப்பு வளையம் சுழல்கிறது. சூரியனைப்போல் கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் கட்டி வைத்தால் அதன் ஓரம் எப்படிக் கொந்தளிக்கும் என்று கணினி போட்டுக் காட்டும் படம். விளிம்பு நூல் நூலாகப் பிய்ந்து, குமிழ்களாகிச் சுவரை நோக்கி நகர்கிறது. சத்தமே இல்லை, ஏ.சி. மட்டும் உறுமுகிறது. “என்னம்மா இது?” என்கிறார் சாரின் மனைவி. “சார் போட்டுட்டுப் போன கணக்குதான் அக்கா. எல்லாரும் பங்கு போட்டுக்கற பெரிய கம்ப்யூட்டர்ல வரிசையில காத்துக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குக் காலையிலதான் அவர் முறை வந்துச்சு.” திரையின் மூலையில் சாரின் பெயர், பக்கத்திலேயே ‘ஓடுகிறது’ என்று பச்சை எழுத்து. அக்கா அதையே பார்க்கிறார். கண் கலங்கவில்லை. “எப்ப முடியும்?” “நாளைக்கு சாயங்காலம் ஆயிடும்க்கா.” தலையாட்டுகிறார். “சரி, முடியட்டும். அப்புறம் வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லி, பையிலிருந்து கோப்பையை எடுத்து, மேஜையில் பதிந்திருக்கும் அதன் கறை வட்டத்தின் மேலேயே பழையபடி வைக்கிறார்.