ரம்புத்தான் நிழல்

எங்கள் தோட்டக் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த சிவநாதன் பல்கலைக்கழக ஆய்வாளர். ஓரிடத்தில் நிற்கமாட்டார். வெயிலில் கண்ணாடிப் புட்டிகளை வைத்துவிட்டு வாசலில் அங்குமிங்கும் நடப்பார். சாயங்காலமானால் பக்கத்திலிருக்கும் நாகமணி அக்கா வீட்டையே பார்ப்பார்.

"வீட்டைப் பாக்கலக்கா, உங்க விமலாவைப் பாக்குறாரு" என்றேன். பார்த்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா?

முப்பத்தைந்து வயதாகியும் வரன் அமையாத அக்கா மகள் விமலா, மறுநாளே தலையில் பூவோடு துணி காயப்போட வந்தாள். காய்ந்த துணியையே மறுபடியும் காயப்போட்டாள்.

ஒருநாள் சிவநாதன் அக்கா வீட்டுக்கே வந்தார். உப்பு வாங்கும் சாக்கில் நானும் ஓடினேன்.

"ஒன்னு கேக்கணும் அன்ட்டி. தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்க தம்பி." அக்கா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க ரம்புத்தான் மர நிழல் என் புட்டிங்க மேல விழுது. வெயில் பட்டாத்தான் உள்ள இருக்கிற பொடி தண்ணியில இருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும், காத்தையும் சேர்த்து அமோனியா ஆக்கும். ஒரு கிளைய வெட்டிக்கலாமா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் உப்பை மறந்தேன்.

விமலாதான் பேசினாள். "காய்க்கிற மரம்லா, வெட்ட வேணாம். புட்டிங்கள எங்க வாசல்ல வைங்க. மரத்துக்கு இந்தப் பக்கம் பொழுது சாயிற வரைக்கும் வெயிலு."

புட்டிகள் இடம் மாறின. சிவநாதன் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று கோலசிலாங்கூரில் காலையிலிருந்தே அடைமழை. விமலா புட்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் சிவநாதன் குடையோடு வந்தார். உப்புக் கிண்ணத்தோடு நானும் பின்னாலேயே போனேன்.

புட்டிகள் எங்கே என்று மனுஷர் கேட்கவேயில்லை.