யார் கை பட்டது?

"போச்சு! பில்டு சர்வர்ல மில்லு ஜாபையே காணோம்!" என்று அலறினான் செல்வக்குமார்.

அழித்தவனும் அவனேதான். அருப்புக்கோட்டையில் பஞ்சாலைகளுக்கு ஆப் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. எழுதிய நிரலைக் கோத்து ஆப்பாக்கித் தரும் அந்த சர்வருக்கு அவன்தான் பொறுப்பு. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. ஒவ்வொரு ஆப்பையும் கோக்கிற கட்டளைத் தொகுப்புக்குத்தான் ஜாப் என்று பேர். பழைய ஜாபை அழிக்கப் போய், ஓடிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டான்.

பத்தே நிமிஷத்தில் ஜாப் பழையபடி வந்து நின்றது. வீரசோழனில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஷர்மிளா பானுவுக்குப் போன் போட்டான்.

"ஏம்மா, நீதான சரி பண்ணுன?"

"அத விடுங்கண்ணே. பிள்ள அழுகுறான், வைக்கிறேன்."

அன்று சாயங்காலம் முதலாளி ரேணுகாதேவி கூப்பிட்டார்.

"குழந்தை பிறந்ததுல இருந்து ஷர்மிளா என்ன வேலை பாக்குறாங்கன்னே தெரியல. இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு இருக்கேன்."

"அவ இல்லைன்னா சர்வரே படுத்துரும் மேடம்."

"ஆதாரம்?"

ஆதாரத்துக்கு எங்கே போவது? கம்பெனியில் ஆறு பேருக்கும் ஒரே லாகின். உருப்படியாகச் செய்தாலும் சர்வரில் விழும் பேர் 'அட்மின்', உருப்படாமல் செய்தாலும் 'அட்மின்'.

"ஒரே ஒரு வாரம் குடுங்க மேடம்" என்றான்.

மறுநாளே ஆளுக்கொரு லாகின் கொடுத்தான். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று பதிந்து வைக்கும் ஆடிட் லாகையும் போட்டுவிட்டான்.

"ஏலே, இதுல மொத ஆளா நீதான் மாட்டப்போற" என்று சிரித்தான் பக்கத்து சீட் காளீஸ்வரன்.

அவன் வாய்முகூர்த்தம் பலித்தது. செவ்வாய்க்கிழமை ரெண்டு ஜாப் போனது. புதன்கிழமை மூணு.

"அது விரலா, உலக்கையாடா?" என்றான் காளீஸ்வரன்.

வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு பத்தைத் தொட்டது.

திங்கட்கிழமை ரேணுகாதேவி கையில் லாக். ஸ்பீக்கர் போனில் ஷர்மிளா. எதிரே, பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை மாதிரி செல்வக்குமார்.

"பத்து தடவை அழிச்சது செல்வக்குமார். பத்து தடவையும் கால் மணி நேரத்துல மீட்டது ஷர்மிளா. இத்தனை நாளா தெரியாமப் போச்சேம்மா! நீங்க எங்கயும் போக வேணாம். இனிமே சர்வருக்கு நீங்கதான் தலைமை."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஷர்மிளாவோடு சேர்ந்து பிள்ளையும் கத்தியது.

செல்வக்குமார் மெல்லக் கேட்டான்.

"அப்ப என் வேலை, மேடம்? இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காமச் சொல்லிருங்க."

ரேணுகாதேவி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருக்கு. கை தவறி அழிக்கிறவன், அழிக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அந்த ஜாபைப் பத்திரமா ஒரு காப்பி எடுத்து வச்சுக்க மாட்டான். பத்து தடவையும் எடுத்திருக்கீங்க செல்வக்குமார். நீங்க போட்ட லாகுதான் அதையும் சொல்லுது."