வேம்பின் கோரிக்கை

முதலில் அவரைப் பந்தலைப் பிரித்தார்கள். அடுத்து முருங்கையை வெட்டினார்கள். அதற்கும் அடுத்து, கனகாம்பரப் பாத்தியைக் கல் பரப்பி மூடினார்கள். இந்த மூன்றையும் வரிசை பிசகாமல் சொல்லித்தான் வேப்பமரம் எந்தக் கூட்டத்தையும் தொடங்கும்.

இப்போது வீட்டுக்காரர் தோட்டத்தை அழகுபடுத்தச் செலவுப் பட்டியல் போட்டிருந்தார். புல்தரை, நீரூற்று, உட்கார ஒரு தேக்கு பெஞ்சு. கையிலிருந்த பணம் போதவில்லை. அதற்கெல்லாம் இடம் பண்ண அடுத்து யார் தலை உருளுமோ என்று செடிகள் நடுங்கின.

"வெளிச்சரக்குக்கு ஏன் காசைக் கொட்டணும்? தோட்டத்துல இருக்கிறதை வச்சே செய்யச் சொல்லுவோம்," என்று முழங்கியது வேம்பு.

"அண்ணே, அவர் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்?" என்றது துளசி.

"ஒத்துக்கிட்டா அதுக்குப் பேர்தான் வெற்றி, தங்கச்சி. உனக்குப் போராட்டம் தெரியாது."

மைனா ஜன்னலில் போய்க் கோரிக்கையைச் சொன்னது. வீட்டுக்காரர் யோசித்தார், தலையாட்டினார், பேனாவை எடுத்தார். திருத்திய தாளை மைனா கவ்விக்கொண்டு வந்தது.

"எல்லார் முன்னாலயும் சத்தமா வாசி!" என்றது வேம்பு, கிளைகளை நிமிர்த்திக்கொண்டு.

"புல்தரை வேண்டாம். நீரூற்று வேண்டாம்."

செடிகள் ஆரவாரம் செய்தன.

"தேக்கு வாங்க வேண்டாம். பெஞ்சு மட்டும் வேணும். அதுக்கு மரம்..." மைனா நிறுத்தியது.

"என்ன தயக்கம்? வாசி!"

"வேம்பு."