ஆஃப் யாருடைய ஆள்?

ஆங்கில அகராதியில் குடியிருந்த ப்ரவுட் என்ற சொல்லுக்குப் பெருமை என்று பொருள். அதனாலேயே அதற்குத் தலைக்கனம் ஜாஸ்தி. 'ப்ரவுட் ஆஃப்' என்று ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லான ஆஃப் தன் பின்னால் மட்டும்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தது. காலையில்கூட இரண்டும் சேர்ந்துதான், மகனுக்கு வேலை கிடைத்ததை ஊருக்கே சொன்ன ஓர் அப்பாவின் வாட்ஸ்அப் செய்திக்குப் போய்வந்தன.

சாயங்காலம் பார்த்தால், அவமானம் என்று பொருள்படும் அஷேம்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது ஆஃப்!

ப்ரவுடுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடப்பாவி! அவன்கூடவா? எங்கேடா போறே?"

"அதே அப்பாகிட்டதாண்ணே. அதே மகனைப் பத்தித்தான்."

"ஐயையோ! அதுக்குள்ள பையன் என்ன பண்ணித் தொலைச்சான்?"

"காதலிக்கிற பொண்ணு எந்தத் தெருன்னு சொல்லிட்டாண்ணே."