இரவல் விரல்கள்

எட்வின் சாருக்கு இடது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அதனால் கிட்டார் வாங்க என் கடைக்கு வந்தவரோடு ஒரே கிட்டாரைப் பிடித்தபடி ஒட்டி உட்கார்ந்தேன். நான் கம்பிகளை அழுத்த, அவர் வலக்கையால் மீட்டினார்.

அமெரிக்கக் கிட்டார் ஆழமாக முழங்கியது.

"விரலுக்கு எப்படிங்க இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி சார்."

ஜப்பான் கிட்டார் கணீரென்றது. இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்றேன்.

"விரலுக்கு?"

"உறுத்தவே இல்ல சார்."

மூலையில் கிடந்த மலிவான கல்கத்தா கிட்டாரைக் காட்டினார். தகரம்போல் ஒலித்தது. கம்பிகள் மேலே தூக்கி நின்றன. நான் கையை உதறினேன்.

"என்னாச்சு?"

"நுனியெல்லாம் அறுக்குது சார். இது வேணாம்."

அவர் காலியாகத் தொங்கிய சட்டைக்கையைத் தடவினார்.

"கை போனப்புறமும் எனக்கு அந்த விரல் நுனியிலதான் அறுக்கும்," என்றார். "இதையே குடுத்துடுங்க."